கார்பன் எட்டாத வயது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இதழில், நம் மாவட்டத்தில் கிணறு தோண்டி எடுத்த பாறைக்கு ஏழு கோடி ஆண்டு வயது என்று ‘கார்பன் சோதனை’ சொன்னதாகப் போட்டிருந்தீர்கள். வயது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கார்பன் சொல்லியிருக்காது. 50,000 ஆண்டைத் தாண்டினால் அந்தக் கணக்கு எட்டாது.

தொண்ணூறுகளில் பெரியபட்டினம் பக்கம் எரிவாயுக் கிணறு தோண்டிய இடத்தில் இரண்டு வருடம் கூலிக்கு இருந்தேன். சேற்றோடு மேலே வரும் பாறைத் துணுக்கை ஷேக்கரிலிருந்து (சேற்றைப் பிரிக்கும் அதிரும் வலைத்தட்டு) அள்ளி, சல்லடையில் கழுவி, காயவைத்து, துணிப்பையில் ஆழத்தை எழுதிக் கட்ட வேண்டும். நகக்கண் அளவுத் துணுக்கில் சிப்பியும் சங்கும் முழுதாக எங்கே கிடைக்கும்? ஃபொராமினிஃபெரா மட்டும் உடையாமல் வரும். ஒரே செல் உள்ள உயிர் கட்டிய கூடு, மணல் பருமன்தான்.

ஒருநாள் அங்கிருந்த புவியியலாளர் நுண்ணோக்கியில் ஒன்றைக் காட்டினார். அறை அறையாகச் சுருண்டு, ஓரத்தில் இரட்டை வரப்பு கட்டியது போல் இருந்தது. குளோபோட்ரங்கானா என்றார். கூட்டின் சுவர் எதனால் ஆனது, அறைகள் எப்படிச் சுருள்கின்றன, வாய் எங்கே என்று பார்த்துத்தான் இனம் பிரிப்பார்களாம். இந்த வகை 6.6 கோடி ஆண்டுக்கு முன், டைனோசர்கள் போன காலத்தில் அழிந்துவிட்டது.

அவர் இன்னொன்றும் சொன்னார். கிணற்றுச் சுவர் சரிந்துகொண்டே இருக்கும். மேல் அடுக்கின் கூடு கீழே போய்க் கலந்துவிடும். அதனால் ஒரு வகை கடைசியாக எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதை நம்ப மாட்டார். மேலிருந்து இறங்கும்போது முதலில் எங்கே தலைகாட்டியது என்பதைத்தான் குறித்துக்கொள்வார். கீழே போகப் போக அடுக்கு பழையது; அதனால் நமக்கு அது முதல், அந்த உயிருக்கு அதுதான் கடைசி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

சரி, கோடிக் கணக்கு எங்கிருந்து வந்தது? இதே கூடுகள் உள்ள அடுக்குகளுக்கு நடுவே, உலகில் வேறு எங்காவது எரிமலைச் சாம்பல் படிந்திருக்கும். அதில் பொட்டாசியம் எவ்வளவு ஆர்கான் வாயுவாக மாறியிருக்கிறது என்று அளந்து ஆண்டு சொல்வார்கள். கார்பனுக்கு அங்கே வேலையே இல்லை.

ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். மழையிலும் ராத்திரியிலும் அந்தத் துணுக்கைக் கழுவி விரல் வெடித்தவன் என்பதால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரியபட்டினம்