குழந்தைகளின் தசைப் புற்றுநோய்: பராமரிப்பு சிகிச்சையை ஊட்டியிலேயே தரலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் ராப்டோமயோசார்கோமா என்ற தசைத்திசுப் புற்றுநோய் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் 'கார்-டி செல்' (நோயாளியின் எதிர்ப்பு அணுக்களையே மாற்றியமைத்துப் புற்றைத் தாக்கவைக்கும் சிகிச்சை) பேச்சுதான் முன்னால் நிற்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பெற்றோரும் "அந்த செல் மருந்து நம்ம நாட்டுக்கே வந்துடுச்சாமே" என்று கேட்கிறார்கள். 2023-இல் இங்கே அனுமதி பெற்றது பி-செல் (ஒரு வகை வெள்ளணு) ரத்தப் புற்றுநோய்களுக்கானது. தசைப் புற்றுநோயில் பி7-எச்3, எஃப்ஜிஎஃப்ஆர்4 போன்ற புரதங்களைக் குறிவைக்கும் செல்கள் இன்னும் ஆய்வுக்கூடத்திலும் ஆரம்பகட்டப் பரிசோதனையிலும்தான் உள்ளன. அதற்காகத் தோட்டத்தை அடகு வைக்க வேண்டியதில்லை. நோய் திரும்பியவர்களிடம் நம்பிக்கை காட்டிய டெம்சிரோலிமஸ் என்ற மருந்துகூட, முதல் சிகிச்சையோடு சேர்த்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வில் கூடுதல் பலன் தரவில்லை. முடிவு 2024-இல் வெளியானது.

உயிர் காக்கும் கணக்கை உண்மையில் மாற்றியது இரண்டு பழைய மருந்துகள். ஐரோப்பியக் குழு ஒன்று 14 நாடுகளில், நோய் வேறு உறுப்புக்குப் பரவாத, ஆனால் திரும்பும் ஆபத்து அதிகமுள்ள 371 பேரை இரண்டாகப் பிரித்தது. எல்லோருக்கும் வழக்கமான கீமோ, அறுவை, கதிர்வீச்சு முடிந்து கட்டி அடங்கியிருந்தது. ஒரு பாதியினருக்கு அத்தோடு சிகிச்சை நிறுத்தப்பட்டது. மற்றவர்களுக்கு மேலும் ஆறு மாதம் வினோரெல்பின் ஊசியும் குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைட் மாத்திரையும் தரப்பட்டன. ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 73.7 சதவீதம், இரண்டாவதில் 86.5 சதவீதம். 2019-இல் வெளியான இந்த முடிவுக்கு ஊரில் ஏனோ விளம்பரமே இல்லை.

இந்த ஆறு மாதச் சிகிச்சைதான் பராமரிப்பு சிகிச்சை; மலையில் வைத்தே நடத்தக்கூடியது. 28 நாள் ஒரு சுற்று; 1, 8, 15-ஆம் நாள்களில் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 25 மி.கி. வினோரெல்பின். ஆறு சுற்றுக்கு 18 ஊசி. பந்தலூரிலிருந்து கூடலூர், ஊட்டி, குன்னூர் வழியாகக் கோவை போய்ச் சேரவே அரை நாள் ஓடிவிடும். பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்றிப் போக வேண்டும். 18 தடவை இப்படி அலையச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவார்கள். ஊசி ஏறும் நேரமோ 6 முதல் 10 நிமிடம்.

நேரம் குறைவு என்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. வினோரெல்பின் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்து புண்ணாகும். கைநரம்பைத் தேடிக் குத்தாமல் போர்ட் (தோலுக்கடியில் பொருத்தி, பெரிய ரத்தக் குழாயோடு இணைக்கும் சிறு கருவி) வழியாகவே தர வேண்டும். ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றி, பிறகு சலைன் விட்டுக் கழுவ வேண்டும். குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் கரண்ட் போகும் ஊரில் மாற்று மின்சாரம் இல்லாத ஃபிரிட்ஜை நம்ப முடியாது. ஒவ்வொரு ஊசிக்கும் முன் ரத்த அணு எண்ணிக்கை பார்த்தாக வேண்டும்.

வீட்டில் பிசகுவது சைக்ளோபாஸ்பமைட் மாத்திரையில்தான். தினம் சதுர மீட்டருக்கு 25 மி.கி. என்பது அளவு. உடல் பரப்பு 0.8 சதுர மீட்டர் உள்ள குழந்தைக்கு 20 மி.கி. வரும், மாத்திரையோ 50 மி.கி. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, தூள் பறந்து தருபவர் உடம்பில் சேரும். வாரத்துக்கு 140 மி.கி. என்று கணக்கிட்டு, அதற்கு நெருக்கமாக வாரம் மூன்று நாள் முழு மாத்திரையாகத் தருமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் குழப்பம் தீரும். காலையில் கொடுத்து, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கவைத்து, படுக்கும் முன் சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும். இல்லையென்றால் மருந்தின் கழிவு சிறுநீர்ப்பையில் தங்கி ரத்தம் போகும். கையுறை இல்லாமல் மாத்திரையைத் தொடக் கூடாது.

இன்னொன்று, படர்தாமரைக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் இட்ராகோனசோல். இது வழக்கமான கீமோவில் வரும் வின்கிரிஸ்டின், பிறகு தரும் வினோரெல்பின் இரண்டையும் உடலிலிருந்து வெளியேற விடாமல் தேக்கிவிடும். குடல் அசைவு நின்று வயிறு உப்பும், பாதம் தொங்கும். தோலுக்குத்தானே என்று சாதாரணமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. வெள்ளணு குறைந்த குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். எனவே முதல் டோஸை அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே போட்டுவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். "கோவைக்குக் கொண்டு போங்க" என்று வெறும் சீட்டு எழுதித் தருவது ஆபத்து. பிபராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக் குப்பியும், எடைக்கேற்ற அளவை எழுதிய ஒரு அட்டையும் அவசரப் பிரிவில் இருந்தால் போதும்.

இத்தனைக்கும் முன்னால் நோயைச் சரியாகப் பெயரிட வேண்டும். வலியில்லாத கட்டி, ஒரு கண் மட்டும் பிதுங்குதல், மூக்கடைப்போடு ரத்தம், காதில் சீழோடு சதை வளர்ச்சி ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் ஸ்கேன் தேவை. விதைப்பை வீக்கத்தில் கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் நீர்வீக்கம் என்று பையைக் கிழிக்கக் கூடாது. தொடை இடுக்கு வழியாகத்தான் எடுக்க வேண்டும். எடுத்த சதையை சலைனில் போட்டு அனுப்பினால் கெட்டுவிடும். சதையின் அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். தசைப் புற்றா என்று காட்டும் டெஸ்மின், மயோஜெனின் சாயச் சோதனைகளோடு ஃபாக்ஸோ1 மரபணு இணைவுச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். இணைவு இருந்தால் நோய் முரடு, சிகிச்சைத் திட்டமே மாறும். மேல் மருத்துவமனைக்குப் போகும்போது அறிக்கைத் தாளோடு, சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒரு நாள், இரண்டு படுக்கை, போர்ட் கையாளப் பயிற்சி பெற்ற செவிலியர், மருந்து கலக்கப் பாதுகாப்பு அறை ஆகியவற்றை ஒதுக்கினால் இந்த ஆறு மாதத்தை இங்கேயே முடிக்கலாம். சிகிச்சைத் திட்டத்தைக் கோவையிலோ சென்னை அடையாறிலோ உள்ள புற்றுநோய் மருத்துவர் வகுக்கட்டும். மாவட்ட ஆட்சியரும் மருத்துவக் கல்லூரி முதல்வரும் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்,
குன்னூர் – கூடலூர், நீலகிரி மாவட்டம்