ஓட ஓட செட் ஆகுமா?

மாப்ள,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குக் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், அவளுக்குத் தனியாக எழுதுகிறேன். இது உன் ஸ்விஃப்டின் பிரேக்குக்கு மட்டும். அடுத்த மாதம் குடும்பத்தோடு வால்பாறை போகப்போவதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

முன்பக்கம் கம்பெனி பேடை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற கட்டையை) எடுத்துவிட்டு வெளிக்கடைப் பேடு போட்டாயிற்று, 200 கிலோமீட்டர் ஓடியும் பழைய பிடிப்பு இல்லை, மெக்கானிக் "ஓட ஓட செட் ஆயிடும்" என்கிறார். அவர் சொல்வதில் பாதி நிஜம். எந்தப் பாதி என்று உன் கால்தான் சொல்ல வேண்டும். நீயோ "சரியா பிடிக்கலை" என்பதோடு நிறுத்திவிட்டாய். பெடல் கல்லு மாதிரி நிற்கிறதா, பஞ்சு மாதிரி இறங்குகிறதா? ரெண்டும் ரெண்டு வேறு வியாதி.

நிறுத்தி வைத்த வண்டியிலேயே பார்த்துவிடலாம். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு தடவை மிதி. கெட்டியாகி நிற்கும். அப்படியே மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே போனால், உன் மிதியின் வலுவைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டர் நன்றாக இருக்கிறது. அசையவே இல்லையென்றால் பூஸ்டரையோ அதற்குப் போகும் வேக்கம் குழாயையோ பார்க்க வேண்டும், பேடு மேல் பழி போடாதே. அடுத்து, இன்ஜின் ஓடும்போது முப்பது வினாடி ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடி. வெளியே எங்கும் கசிவில்லாமல் பெடல் மட்டும் மெல்லத் தரையை நோக்கி நழுவினால், உன் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் கெட்டுப்போயிருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய் இரண்டாவது மிதியில் உயரமாக வந்து நின்றால் எங்கோ இடைவெளி அதிகம்: பின்சக்கர டிரம் பிரேக் அட்ஜஸ்ட் ஆகாமல் இருக்கலாம், முன் பேடு சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். மிதிக்க மிதிக்கக் கெட்டியாகி, விட்டுவிட்டு மிதித்தால் மறுபடி பஞ்சானால் பிரேக் ஆயில் லைனில் காற்று. இதில் எதுவுமே ஓட ஓடச் சரியாகாது. நாள் ஆக ஆக மோசம்தான் ஆகும்.

ஒன்றைக் கவனி. பேடு மட்டும் மாற்றினால் ஆயில் லைனைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை, பேடை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ளினால் போதும். அப்புறம் காற்று எப்படிப் போகும்? காற்றை வெளியேற்றுகிற பிளீடர் நிப்பிளைத் திறந்து பிஸ்டனைத் தள்ளிவிட்டுச் சரியாக மூடாமல் விட்டிருக்கலாம். இல்லையென்றால் பஞ்சுத்தன்மைக்குக் காரணம் வேறு: புதுப் பேடின் முதுகில் ஏற்கெனவே ரப்பர் பூசிய மெல்லிய தகடான ஷிம் ஒட்டியிருக்க, பழைய ஷிம்மையும் எடுத்து அதன்மேல் வைத்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து மெத்தை மாதிரி அமுங்கும். அல்லது பேடின் பின்தகடு வளைந்திருக்கும். மூன்றாவது ஒன்று உண்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பேடு போட்டதும் பிஸ்டனை வெளியே கொண்டுவரப் பெடலைத் தரைவரை ஓங்கி ஓங்கி மிதிப்பார்கள். பழைய வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் சீல் வருஷக்கணக்காக மேல்பாதியிலேயே போய்வந்து கொண்டிருக்கும். கீழ்ப்பாதியில் துருவும் கசடும் இருக்கும். சீல் அதில் உரசினால் கிழியும். அரை மிதியாகப் பத்து முறை மிதித்தாலே வேலை முடிந்துவிடும்.

பெடல் கெட்டியாக, பூஸ்டரும் சரியாக இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லையென்றால், பேடும் டிஸ்கும் சந்திக்கிற இடத்தில்தான் கோளாறு. மெக்கானிக் சொன்ன பாதி நிஜம் இங்கேதான் வருகிறது. பேடு டிஸ்கைச் சும்மா உரசி நிறுத்துவதில்லை. சூட்டில் தன் பொருளை மெல்லிய படலமாக டிஸ்க் மேல் பூசிவிட்டு, அந்தப் படலத்தோடு ஒட்டி ஒட்டிப் பிரிந்துதான் பிடிக்கிறது. உன் டிஸ்கில் இருப்பது பழைய பேடின் படலம். புதுப் பேடின் கலவை வேறாக இருந்தால் இரண்டும் சேராது. போதாததற்குப் பழைய டிஸ்கில் வரி வரியாகப் பள்ளம் இருக்கும், தட்டையான புதுப் பேடு மேடுகளை மட்டும்தான் தொடும். அந்த மேடு பள்ளத்துக்கு ஏற்பப் பேடு தேய்ந்து உட்காரும்வரை பிடிப்பு குறைவாக இருப்பது இயல்பு. ஆனால் 200 கிலோமீட்டர் ஓடியும் மாற்றமே இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

பிஸ்டன் இருக்கிற கூடான காலிப்பரைக் கழற்றினால் ஆயில் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டு. பேடைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார். நல்ல பேடு கரும்பலகை மாதிரி மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். கண்ணாடி போல மினுங்கி நகம் வழுக்கினால் கிளேஸ் ஆகிவிட்டது. லேசாகத் தொட்டுத் தொட்டே ஓட்டினாலும் ஆகும், செட் ஆகும் முன்பே அதிகமாகச் சூடாக்கினாலும் ஆகும். மேல் ஓரம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்து மற்ற இடம் புதுசாகவே இருந்தால் டிஸ்கின் வெளி விளிம்பைத் தடவிப் பார். பழைய பேடு தொடாத இடத்தில் தேயாத வரம்பு ஒன்று நிற்கும். வெளிக்கடைப் பேடு அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலே அந்த வரம்பின்மேல் ஏறி நின்றுகொள்ளும். அந்தப் பேடு 2,000 கிலோமீட்டர் ஓடினாலும் ஒழுங்காக உட்காராது. லேத்தில் கொடுத்து வரம்பை எடுக்கலாம், டிஸ்கில் குறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாது என்றால் மட்டும். அளவு கிட்டத்தில் இருந்தால் லேத் கூலியைப் புது டிஸ்கில் போடு.

பேடின் இரண்டு முனைக் காதுகளும் அவை உட்காருகிற பிராக்கெட்டில் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். மலிவான பேடுகளில் காதுவரை தடியாகப் பெயிண்ட் பூசியிருப்பார்கள். உள்ளே போகவில்லை என்று சுத்தியலால் தட்டி ஏற்றினால் பேடு அங்கேயே சிக்கி, பிஸ்டனின் பாதி வலு அதை நகர்த்துவதிலேயே போய்விடும். அரத்தால் பெயிண்டை மட்டும் எடு, இரும்பைத் தொடாதே. பிராக்கெட்டில் கிளிப்புக்கு அடியில் இருக்கும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடு. காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடர் பின் இரண்டையும் வெளியே இழுத்துப் பார். துடைத்துவிட்டுப் பிரேக்குக்கென்றே விற்கிற சிலிகான் கிரீஸை மெல்லிசாகப் பூசு. பட்டறை டப்பாவில் இருக்கிற மஞ்சள் கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும், நாலு மாதத்தில் அந்த ஸ்லைடர் பின் இறுகிக்கொள்ளும். ஒரு பின்னில் ரப்பர் ஸ்லீவ் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் இடம் மாற்றிப் போட்டுவிடாதே.

கழற்றிய பழைய பேடுகள் இன்னும் பட்டறையில் கிடந்தால் கேட்டு வாங்கி வா. உள்பக்கப் பேடு வெளிப்பக்கத்தைவிட ரொம்பத் தேய்ந்திருந்தால் ஸ்லைடர் பின் இறுகியிருந்தது என்று அர்த்தம். புதுப் பேடு போட்டதால் அந்தக் கோளாறு எங்கும் போய்விடாது.

எல்லாம் சரி, மேற்பரப்புதான் குறை என்றால் வேலை சுலபம். டிஸ்கின் இரண்டு முகத்தையும் 120 அல்லது 150 நம்பர் உப்புத்தாளால் வட்ட வட்டமாக, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துப் பழைய பளபளப்பை எடு. டைல்ஸ் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தெளித்துப் பேடைத் தேய். மினுமினுப்பு போனால் போதும். மூக்கில் மாஸ்க் இருக்கட்டும், ஏர் அடித்துத் தூசியை ஊதாதே. டிஸ்கைப் பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடை. புது டிஸ்க் போட்டாலும் துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயை இப்படித்தான் எடுக்க வேண்டும். பேடில் ஆயிலோ கிரீஸோ ஊறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, முன்பக்கம் நாலு பேடையும் மாற்று.

மாட்டி முடித்ததும் பெடல் கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே மிதித்துவிட்டு, ஆயில் அளவையும் பார்த்துவிட்டு வண்டியை எடு. விடிகாலையில் ஆளில்லாத சாலைக்குப் போ. 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, நடுத்தர அழுத்தத்தில், முழுசாக நிற்காமல், எட்டிலிருந்து பத்து முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை நிமிடம் ஓட்டு. ஏழெட்டாவது முறையில் கருகல் வாடை வரலாம், பயப்படாதே. முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடு. கொதிக்கிற டிஸ்கைப் பிடித்தபடி நின்றால் பேடு அந்த ஒரே இடத்தில் அச்சாக ஒட்டி, பிறகு பெடல் துடிக்கும். "டிஸ்க் பெண்டு" என்று சொல்லி மாற்றுகிற டிஸ்குகளில் பல இந்தக் கறைதான். பேடு டப்பாவில் வேறு முறை அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்று. அடுத்த நாள், பின்னால் யாரும் வராத காய்ந்த சாலையில் 40-ல் போய் ஓங்கி மிதி. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் காலடியில் துடித்தால் முன் பேடுகளுக்கு வலு வந்துவிட்டது. முழு பலத்தோடு மிதித்தும் ஏபிஎஸ் எழவில்லையென்றால் பேடின் கலவையே மட்டம்.

அப்போது பேடின் விளிம்பைப் பார். கம்பெனிக் குறியீட்டுக்குக் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். அமெரிக்க எஸ்ஏஇ தரமுறைப்படி முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். 'இ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. பழையது 0.42, புதியது 0.30 என்று வைத்துக்கொள். அதே நிறுத்தத்துக்குப் பேடை 40 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். "பிடிக்கலை" என்று உன் கால் சொல்வது இதுதான். முதல் எழுத்து எஃப், இரண்டாவது இ என்று இருந்தால் ஊருக்குள் ஒழுங்காகப் பிடித்து மலையிறக்கத்தில் கைவிடும். எழுத்து மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனை ஒரு அங்குலச் சதுரத் துண்டில் செய்வது, முழுப் பேடில் அல்ல. ஐரோப்பிய ஆர் 90 தர முத்திரை உள்ள பேடை வண்டியில் மாட்டியே சோதித்திருப்பார்கள், கம்பெனி பேடின் திறனிலிருந்து 15 சதவீதத்துக்குமேல் விலகக் கூடாது. நானென்றால் எழுத்தே இல்லாத பேடை இலவசமாகக் கொடுத்தாலும் மாட்ட மாட்டேன்.

வால்பாறைக்கு வருகிறேன். ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி 1,200 கிலோ என்று வை. ஆயிரம் மீட்டர் இறங்கும்போது அது விடுகிற ஆற்றல், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நாற்பது முறை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். ஆழியாறு பக்கம் கொண்டை ஊசி வளைவும் நாற்பதுதான், வளைவுக்கு ஒரு முழு நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளேன். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜினிடம் கொடுக்காவிட்டால் அத்தனையும் டிஸ்கில் சூடாகிவிடும். இறங்கும்போது இரண்டாவது கியர், ரொம்பச் செங்குத்தென்றால் முதல். காலைப் பிரேக் மேலேயே வைத்துக்கொண்டு வராதே. வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து, விட்டுவிடு.

பிரேக் ஆயிலையும் மாற்றிவிடு. டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, 155. கொதித்தால் லைனில் ஆவிக் குமிழி, பெடல் நேராகத் தரைக்குப் போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை நீ எப்போது மாற்றினாய் என்று கேட்டால் முழிப்பாய். மூடியில் எந்த டாட் எழுதியிருக்கிறதோ அதையே ஊற்று, டாட் 5 என்று தனியாக விற்கிற சிலிகான் ஆயில் மட்டும் வேண்டாம். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு.

இந்த ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்துவிட்டு மூன்று விஷயம் எழுது: பெடல் கல்லா பஞ்சா, பேடின் முகம் எப்படி இருக்கிறது, விளிம்பில் என்ன இரண்டு எழுத்து. அதுவரை ஊருக்குள்ளேயே ஓட்டு, முன்வண்டிக்கு இடைவெளி விட்டு.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்