காதுக்கும் தனியாகப் பாடம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் ஐந்தாம் படிவ மாணவர்களில் பெரும்பாலோர் மாண்டரின் மொழியில் கற்பிக்கும் சீனத் தொடக்கப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில், 2021 முதல் ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்ற நான்கு தாள்களுக்கும் மொத்த மதிப்பெண்ணில் சம பங்கு. கேட்டல் தாளில் 40 நிமிடத்தில் 30 கேள்விகள்.

சென்ற மாதம் ஒரே பத்தியை முதலில் ஒலிக்கவிட்டேன், இரண்டு நாள் கழித்து வாசிக்கக் கொடுத்தேன். வாசித்தபோது பத்துக்கு ஒன்பது வாங்கிய மாணவி, கேட்டபோது நான்குதான் வாங்கினாள். 'வாக்ட்' (walked, இறந்தகாலம்) என்பது அவள் காதில் 'வாக்' (walk) என்றே விழுந்திருக்கிறது. மாண்டரின் சொற்கள் உயிரொலியிலோ 'ன்', 'ங்' போன்ற ஒலியிலோதான் முடியும். வினைச்சொல்லும் காலத்துக்கேற்ப மாறாது. அப்புறம் கடைசியில் மெல்ல ஒலிக்கும் 'ட்' அவளுக்கு எப்படிக் கேட்கும்? அறிவுக் குறைவு என்று இதைச் சொல்வது பெரிய அநியாயம்.

எங்கள் பள்ளி மண்டபத்து ஒலிபெருக்கியும் கரகரக்கிறது. பின்வரிசைப் பிள்ளைகளிடம் நாம் சோதிப்பது ஆங்கிலத்தையா, ஒலிபெருக்கியையா?

சோதனைத் தேர்வுக்கு முன்பே மண்டபத்தின் கடைசி நாற்காலியில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும். நான்காம் படிவத்திலிருந்தே வாசிப்பு, கேட்டல் மதிப்பெண்களைப் அருகருகே வைத்துப் பெற்றோருக்குக் காட்டுங்கள். கல்வி அதிகாரிகள் இதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை,
ஈப்போ, பேராக்