இளம் வயதுப் பக்கவாதத்துக்கு 'காரணம் தெரியவில்லை' என்று எழுதும் முன்: நரம்பியல், இதயவியல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் வந்த இளம் வயதினரைப் பரிசோதித்து, மருந்து எழுதித் தந்து, வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பில் இருக்கும் உங்களுக்கு, அப்படி அனுப்பப்பட்ட ஒருவனின் அக்காவாக இந்த மடலை எழுதுகிறேன். என் தம்பிக்கு அப்போது 36 வயது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம் எதுவும் கிடையாது. ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் வெகுநேரம் தடுமாறியவன், "அக்கா, இந்தக் கை என் கை மாதிரியே இல்லை" என்றான். நான் திரும்பிப் பார்த்தபோது அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் அவனை நன்றாகவே கவனித்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் அடைபட்டிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. கழுத்து ரத்தக்குழாய்களைப் பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோ எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று வந்ததும், ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'காரணம் கண்டறியப்படாத பக்கவாதம்' என்று எழுதி, ஆஸ்பிரின் மாத்திரையோடு, மனஅழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு சொல்லி அனுப்பிவைத்தார்கள். அந்த ஐந்து நாட்களில் அவன் காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஏழு வாரங்களுக்கு முன் கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தான். கட்டைப் பிரித்த பிறகும் கெண்டைக்கால் வீங்கியே இருந்தது. அன்று காலை பொத்தானில் கை வைப்பதற்குச் சற்று முன்புதான், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கனமான அலமாரியைத் தள்ளி நகர்த்தியிருந்தான். நாங்களாகவும் இதைச் சொல்லவில்லை. காலுக்கும் மூளைக்கும் இடையில் ஒரு வழி திறந்திருக்க முடியும் என்பது எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அந்த வழி மருத்துவத்துக்குப் புதியதல்ல. ஜெர்மானிய நோய்க்கூறியலாளர் ஜூலியஸ் கோன்ஹைம் 1877இலேயே அதை எழுதிவைத்திருக்கிறார். பக்கவாதத்தால் இறந்த ஒரு பெண்ணின் காலில் ரத்தக்கட்டி இருந்ததையும், இதயத்தின் மேலறைகளுக்கு இடையே துளை இருந்ததையும் பார்த்து, கால் நாளத்தில் உருவான கட்டி அந்தத் துளையைக் கடந்து மூளைக்குப் போயிருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பொதுவாகக் காலில் இருந்து கிளம்பும் கட்டி இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குத்தான் போகும். அங்குள்ள நுண்குழாய்கள் சல்லடைபோல் அதைத் தடுத்துவிடும். மேலறைச் சுவரில் ஒரு திறப்பு (நீங்கள் பிஎஃப்ஓ என்று அழைப்பது) இருந்தால் கட்டி அந்தச் சல்லடையைத் தவிர்த்து நேராக இடப்பக்கம் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறிவிடுகிறது. சாதாரண நேரத்தில் இடப்பக்க அழுத்தம் அந்தத் திறப்பை மூடியே வைத்திருக்கும். இருமும்போது, முக்கும்போது, மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கும்போது கணநேரம் வலப்பக்க அழுத்தம் கூடி, கதவு திறந்துகொள்ளும்.

இரண்டாவதாக நாங்கள் பார்த்த மருத்துவர், ஸ்கேன் படங்களைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "சமீபத்தில் எங்காவது அதிக நாள் படுத்திருந்தீர்களா, கால் வீங்கியதா?" என்று கேட்டார். அன்று மாலையே கால் நாளங்களுக்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் கட்டி தெரிந்தது. மறுநாள் பபிள் டெஸ்ட்: காற்றுக் குமிழிகள் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகின்றனவா என்று எக்கோவில் பார்க்கும் சோதனை. நானும் அந்த அறையில் இருந்தேன். இரண்டு ஊசிக்குழல்களை இணைத்து, ஒன்பது மில்லி உப்புநீரையும் ஒரு மில்லி காற்றையும் கலங்கி நுரைக்கும் வரை இங்குமங்கும் வேகமாகத் தள்ளினார்கள். அதைக் கைநரம்பில் ஏற்றியதும் திரையில் இதயத்தின் வலப்பக்கம் வெண்மையாக நிறைந்தது. இடப்பக்கம் கருமையாகவே இருந்தது. "ஒன்றும் இல்லை போலிருக்கிறது" என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்ட நேரத்தில், மருத்துவர் மறுபடியும் செய்யச் சொன்னார். இந்த முறை தம்பியை மூச்சடக்கி முக்கச் சொல்லி, "இப்போது விடுங்கள்" என்றார். அவன் மூச்சை விட்டதும் இரண்டாவது துடிப்பிலேயே, கறுத்துக் கிடந்த இடப்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் சிதறி ஓடின. முதல் முறையோடு நிறுத்தியிருந்தால் அந்த அறிக்கையும் நார்மல் என்றே வந்திருக்கும்.

எனவே என் முதல் வேண்டுகோள் இதுதான். வேறு காரணம் தென்படாத பக்கவாதத்தோடு 60 வயதுக்கு உட்பட்ட ஒருவர் உங்கள் முன் இருக்கும்போது, சாதாரண எக்கோ நார்மல் என்பதை முடிவாகக் கொள்ளாமல், நோயாளியை முறையாக முக்கவைத்து பபிள் டெஸ்ட் செய்யுங்கள். தேவையானால் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துத் துளையின் அளவையும் சுவரின் அமைப்பையும் பாருங்கள். கால் நாளங்களையும் உடனே பாருங்கள், ஏனென்றால் நாள் கடந்தால் கட்டி கரைந்துவிடக்கூடும், கரைந்த கட்டி எந்த ஸ்கேனிலும் தெரியாது. மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை, பிரசவம், கருத்தடை மாத்திரை, நீண்ட பயணம், முன்பு எப்போதாவது வந்த ரத்தக்கட்டி ஆகியவற்றைப் பற்றிக் கேட்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் எங்களுக்கு முதல் மருத்துவமனையில் கிடைக்கவில்லை.

அதே சமயம், துளையைக் கண்ட உடனே அதைக் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1984இல் வெளிவந்த ஒரு பிரேதப் பரிசோதனை ஆய்வில், இயல்பான 965 இதயங்களில் 27 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் இந்தத் திறப்பு இருந்தது. நான்கு பேரில் ஒருவருக்கு இருக்கும் ஒன்று, பக்கவாதம் வந்தவரிடமும் வெறுமனே உடன் இருந்திருக்கலாம். இதயத் துடிப்பு சீரற்றுப்போன முதியவருக்கு இந்தத் துளையை அடைப்பதால் உண்மையான காரணம் போய்விடாது. இதைப் பிரித்தறிய, பக்கவாதத்துக்கு இந்தத் துளை காரணமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் ரோப் மதிப்பெண்ணும், அதோடு துளையின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்கும் பாஸ்கல் வகைப்பாடும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்த்து, விடையை நோயாளியிடமும் சொல்லுங்கள்.

அடைப்பதன் பலனையும் இருக்கிற அளவிலேயே சொல்லுங்கள். முதலில் வந்த சோதனைகள் தெளிவான பலனைக் காட்டவில்லை. 2017இல் வெளிவந்த மூன்று ஆய்வுகள்தான் நிலைமையை மாற்றின. அவற்றில் குளோஸ் என்ற ஆய்வில், சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தபோது, துளையை அடைத்துக்கொண்ட 238 பேரில் ஒருவருக்கும் மறுபடி பக்கவாதம் வரவில்லை; ரத்தத்தட்டுகளைத் தடுக்கும் மாத்திரை மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்கு வந்தது. பின்னர் ஆறு ஆய்வுகளின் 3,740 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்து மட்டும் எடுத்தவர்களிடம் ஆண்டுக்கு 1.09 சதவீதமாக இருந்த பக்கவாத ஆபத்து, துளையை அடைத்துக்கொண்டவர்களிடம் 0.47 ஆகக் குறைந்திருந்தது. இன்னும் பல பத்தாண்டுகள் வாழப்போகும் ஒருவனுக்கு இது சிறிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் ஆண்டுக் கணக்கில் ஆபத்து குறைவுதான் என்பதையும், அடைத்த முதல் சில வாரங்களில் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தம்பிக்கு முதலில் சில மாதங்கள் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்து, பிறகுதான் தொடை நாளம் வழியாக இரட்டைத் தட்டு போன்ற சாதனத்தை வைத்து அடைத்தார்கள். நரம்பியல் மருத்துவரும் இதயவியல் மருத்துவரும் ஒரே மேசையில் எங்களோடு உட்கார்ந்து பேசிய பிறகே அந்த முடிவை எடுத்தோம். அதற்கு முன், இருவரும் மாறி மாறி எங்களை மற்றவரிடம் அனுப்பிய வாரங்களும் உண்டு. எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தெரியாமல் தவித்த வாரங்கள் அவை.

இன்னும் ஒன்று, சொல் பற்றியது. 'இதயத்தில் ஓட்டை' என்று சொன்னதும், பிறவியிலேயே சுவரின் ஒரு பகுதி வளராமல் போன குறைபாடுதான் எங்கள் நினைவுக்கு வருகிறது. தம்பிக்கு இருந்தது அதுவல்ல. சுவர் முழுமையாகவே இருந்தது. ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு மடிப்புகள் ஒட்டாமல் விட்டிருந்தன, அவ்வளவுதான். இதை யாரும் விளக்காததால், 'வயிற்றில் இவன் இருந்தபோது நான் என்ன தப்பு செய்தேன்?' என்று என் அம்மா பல இரவுகள் தூங்காமல் கிடந்தார். கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது, நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ரத்தம் வேலை செய்யாத நுரையீரலைத் தவிர்த்துச் செல்ல அது தேவைப்படுகிறது, பிறந்து மூச்சு விட்டதும் அழுத்தம் மாறி அது மூடிக்கொள்கிறது, சிலருக்கு முழுதாக ஒட்டுவதில்லை என்று இரண்டாவது மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அம்மா அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். எனக்கும் பரிசோதனை வேண்டுமா என்று நான் கேட்டபோது, எந்த அறிகுறியும் இல்லாதவர் தேடிப் போய் இதைப் பார்க்கத் தேவையில்லை என்றும் அவரே சொன்னார்.

தம்பி இப்போது பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறான். இடது கையில் பிடி மட்டும் இன்னும் சற்றுத் தளர்வாக இருக்கிறது. அவனுடைய பழைய கோப்பில் அந்த முதல் சம்மரி இன்றும் 'காரணம் கண்டறியப்படாத' என்ற சொற்களோடு இருக்கிறது. அதே சொற்களோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட, 60 வயதைத் தாண்டாத உங்கள் நோயாளிகளின் கோப்புகளை ஒருமுறை திறந்து, முக்கவைத்து பபிள் டெஸ்ட் செய்யப்பட்டதா என்று பாருங்கள். செய்யப்படவில்லை என்றால் அவர்களைத் திரும்ப அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா