அறுப்பின் பண்டிகையில் விளைச்சல் இல்லாதவரும் பேசட்டும்

காவிரி டெல்டாவில் ஊழியம் செய்யும் ஆயர்களுக்கும் சபைக் குழுவினருக்கும், கர்த்தருக்குள் அன்பின் வணக்கம்.

அறுப்பின் பண்டிகை என்றால் நெல் மூட்டை, வாழைத்தார், தேங்காய், சேவல் எல்லாம் ஆலயத்துக்கு வரும். ஏலம் நடக்கும். கர்த்தர் தமக்குச் செய்ததைச் சபைமுன் எழுந்து சொல்லும் சாட்சியும் உண்டு. அந்தச் சாட்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

யார் எழுந்து பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். நல்ல மகசூல் கண்டவர், மகனுக்கு வேலை கிடைத்தவர், அறுவை சிகிச்சையில் பிழைத்தவர். "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்கிறார்கள். உண்மைதான், அந்த நன்றியை யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் அறுவடை நேரத்து மழையில் கதிர் சாய்ந்து, வயலிலேயே நெல் முளைத்துப்போனவரும் அதே ஆலயத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுவதில்லை, நாமும் அவரை அழைப்பதில்லை. ஆண்டுதோறும் இதையே பார்த்து வளரும் பிள்ளைகள், விளைச்சலுக்கு இன்னொரு பெயர்தான் கிருபை என்று எண்ணிக்கொள்வார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் கரையில் கடல் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. "கிருபையால் தப்பினோம்" என்று தப்பியவர் சொல்லும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது எப்படி விழும்? அவளுக்கு மட்டும் கிருபை இல்லாமல் போயிற்றா? 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும் இந்தக் கேள்வி எழத்தான் செய்தது. நம் பிரசங்கங்கள் அதை நின்று கேட்கவில்லை என்பது என் வருத்தம்.

வேதம் கேட்கிறது. தன் மாம்சத்திலிருந்த முள், அதாவது தன்னை விடாத வேதனை, நீங்கவேண்டுமென்று அப்போஸ்தலனாகிய பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டார். அது நீங்கியதாக அவர் எழுதவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் அந்த வேதனைக்குள்தான் வந்தது.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையில், பொழுது சாயும் நேரத்தில் வேலைக்கு வந்தவனுக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது. நடவுக்கு யாரும் கூப்பிடாமல் வெறுங்கையோடு வீடு திரும்பிய நாள் நம் ஊர்க் கூலியாட்களுக்குத் தெரியும். இந்த உவமையை நம்மைவிட அவர்கள் நன்றாக விளக்குவார்கள். காலையிலிருந்து உழைத்தும் அதே கூலியைப் பெற்றவனின் முணுமுணுப்புத்தான் நம்முடையது. தவறாமல் ஆராதனைக்கு வந்தேன், தசமபாகம் கொடுத்தேன், ஆகவே ஆசீர்வதித்தார் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடும்வரை கிருபை நம் கண்ணில் படாது. சிலுவையில் கிடைத்த மன்னிப்பு நம் தகுதியைப் பார்த்து வந்ததல்ல. விளைந்த ஆண்டிலும் பயிர் பதராய்ச் சாவியான ஆண்டிலும் அது குறைவதில்லை.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706இல், அப்போது டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1715இல் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். டேனிய அதிகாரி அவரை மாதக்கணக்கில் சிறையில் வைத்ததையும், 1719இல் 36 வயதிலேயே அவர் இறந்துபோனதையும் இரண்டு வரியில் கடந்துவிடுகிறோம். அவையெல்லாம் கிருபைக்கு வெளியே நடந்தவையா?

வரும் பண்டிகையில், விளைச்சல் இழந்த ஒருவரையாவது பேச அழையுங்கள். சாட்சியை வெற்றியில்தான் முடிக்கவேண்டும் என்று அவரை நெருக்காதீர்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதம்தான். காணிக்கைத் தொகையைப் பெயரோடு வாசிக்கும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் நிறுத்துங்கள். ஒரு படி நெல் கொண்டுவந்த விதவை தலைகுனிய வேண்டியதில்லை. பாவ அறிக்கையை ஓட்டமாக ஓட்டாமல், சபையார் தங்கள் உள்ளத்தைப் பார்க்க நேரம் கொடுங்கள். தான் எவ்வளவு மன்னிக்கப்பட்டவன் என்று அறிந்தவனுக்கே கிருபை தெளிவாகத் தெரியும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை விவாதப் பொருளாக எடுத்து, பண்டிகை நிகழ்ச்சிநிரல் அச்சாகும் முன்பே முடிவெடுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

கர்த்தருக்குள்,
டெல்டா சபையார் ஒருவர்