சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவிழாக் கச்சேரிகளில் பேஸ் என்கிற கனத்த தாழ்ந்த சத்தம் நெஞ்சை இடிக்கிறது, பாட்டு ஒரு வரிகூடப் புரியவில்லை, ஸ்பீக்கர் பாக்ஸைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சத்தம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கமெல்லாம் மெல்லிசைக் குழுக்களோடு பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் குழப்பம் பல நேரம் சத்தத்தால் வருவதில்லை, பேஸின் தடித்த கம்பி கீபோர்டோடு சுருதி சேராமல் நிற்பதால் வருகிறது. பாக்ஸைக் குறைத்தாலும் அது போகாது.

நான்கு கம்பி பேஸில் கம்பிகளுக்கு இ, ஏ, டி, ஜி என்று ஸ்வரப் பெயர்கள். கீழ் இ கம்பி விநாடிக்கு 41.2 தடவை (41.2 ஹெர்ட்ஸ்) அதிர வேண்டும், அடுத்து ஏ 55, டி 73.4, ஜி 98. இந்த இ கம்பி வெறும் அரை ஹெர்ட்ஸ் இறங்கி நின்றாலே அரை ஸ்வரத்தில் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில்) ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. சாதாரண கிட்டாரின் மெல்லிய இ கம்பிக்கு 329.6 ஹெர்ட்ஸ், அதில் அதே அரை ஹெர்ட்ஸ் இறங்கினால் கச்சேரியில் யாருக்கும் தெரியாது. கீபோர்டுக்காரர் இடது கையில் ஒரு ஸ்தாயி மேலே அதே இ-யைப் பிடிக்கும்போது இரண்டும் உரசி, விநாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்குகிற ஒரு அலை உண்டாகும். அதைப் பெரிய பாக்ஸில் போட்டு ஊர் முழுக்கக் கேட்க வைத்தால் பாடகர்தான் சுருதி விட்டுப் பாடுகிறார் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பாவம், அவர் சரியாகத்தான் பாடிக்கொண்டிருப்பார்.

சரி, ஏன் சேராமல் நிற்கிறது? மேடை ஏறியதும் சுருதி சேர்க்க உட்கார்ந்தால் குழாய் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், கமிட்டிக்காரர் மைக்கில் நன்கொடைப் பட்டியல் வாசித்துக்கொண்டிருப்பார், இதற்கு நடுவில் சுருதி காட்டுகிற செல்போன் ஆப்பைத் திறந்து வைத்தால் அது ஸ்பீக்கரைத்தான் கேட்கிறது. அமைதியான அறையில்கூட போன் மைக்குக்கு 41 ஹெர்ட்ஸ் சரியாக எட்டாது. கம்பியின் அடி நாதம் மெலிந்தும் அதன் மேல் நாதங்கள் பலமாகவும் வருவதால் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். மைக் இல்லாமல் கிட்டாரில் நேரே ஒயர் செருகிச் சுருதி பார்க்கிற பெடல் ட்யூனர் கருவி ஒன்று பேஸ் வாசிக்கிறவர்களுக்கு அவசியம்.

இளம் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. திறந்த கம்பியை (விரலால் அழுத்தாத கம்பியை) ஓங்கித் தட்டிவிட்டு ட்யூனரைப் பார்க்காதீர்கள். தடித்த கம்பி ஓங்கித் தட்டினால் முதலில் சுருதி ஏறி, அப்புறம்தான் இறங்கி நிலைக்கும். கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளில் 12ஆவதான 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் லேசாக வைத்துத் தட்டி, ஹார்மானிக் என்கிற மேல் நாதத்தை எடுங்கள், 41.2 இருந்த இடத்தில் 82.4 கிடைக்கும், ட்யூனர் உடனே பிடித்துக்கொள்ளும். டோன் குமிழை முழுக்கக் குறையுங்கள், மற்றக் கம்பிகளைக் கையால் அமுக்கி வையுங்கள், கம்பியை முறுக்குகிற கீயைச் சுருதி கீழிருந்து மேலே ஏறும்படி திருப்பியே நிறுத்துங்கள். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது பாட்டிலேயே கம்பி நழுவிவிடும். ஐந்து கம்பி பேஸின் பி கம்பிக்கு 30.87 ஹெர்ட்ஸ்தான் என்பதால் அங்கே ஹார்மானிக் இன்னும் அதிகமாக உதவும்.

இ-யின் 5ஆம் ஃப்ரெட் ஹார்மானிக்கையும் ஏ-யின் 7ஆம் ஃப்ரெட் ஹார்மானிக்கையும் ஒட்டவைத்துச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். நல்ல வழிதான். ஆனால் முதலாவது 164.8, இரண்டாவது 165 என்பதால் அலையே இல்லாமல் ஒட்டவைத்தால் இ ஒரு துளி ஏறிவிடும். சுமார் ஐந்து விநாடிக்கு ஒரு அலை மெதுவாக வருகிற மாதிரி, இ-யைச் சற்றே இறக்கி விடுங்கள். கீபோர்டோடு அப்போதுதான் சேரும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் மதியம் முழுக்க வேனுக்குள் கிடந்த கிட்டாரை எடுத்து உடனே சேர்த்தால் பயனில்லை. சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கியிருக்கும், அந்த நிலையில் ஏற்றிவைத்தால் மேடைக் காற்றில் ஆற ஆற அது மேலே போகும். அரை மணி நேரம் முன்னாலேயே பெட்டியைத் திறந்து வெளியே வைத்துவிட வேண்டும்.

தம்பூராவின் மந்தர ஷட்ஜக் கம்பிக்கு எத்தனை நேரம் எடுத்துச் சுருதி சேர்க்கிறார்கள், சபாவில் எல்லாரும் பொறுமையாகக் காத்திருக்கிறார்களே! எங்களுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். விழாக் கமிட்டியாரும் மைக்செட் அண்ணன்மாரும் கச்சேரி தொடங்கும் முன் பாட்டையும் அறிவிப்பையும் நிறுத்தி ஐந்து நிமிடம் மேடையை அமைதியாக விட்டுக் கொடுங்கள். இடைவேளையில் நன்கொடை அறிவிப்பு தொடங்கும் முன் இன்னும் இரண்டு நிமிடம். அழைப்பிதழ் அச்சடிக்கும்போதே நேரத்தை அதற்கேற்பப் போட்டுவிட்டால் யாருக்கும் அவசரம் இருக்காது.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் கலைஞர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.