ராமேஸ்வரம் விமான நிலையம்: முதலில் நல்ல தண்ணீருக்கு வழி செய்யுங்கள்

விமான நிலையத் திட்டத்தைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் மண்டபம் ஊர்ப் பக்கத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன் எழுதுகிறேன். 2025 மார்ச் மாதம் தமிழக நிதிநிலை அறிக்கையில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று அறிவித்தபோது எங்களுக்கெல்லாம் சந்தோஷம். விமானம் ஏற மதுரைக்கு ஓட வேண்டாம், ஆபத்தில் இருக்கும் நோயாளியைச் சிறு விமானத்தில் ஏற்றிவிடலாம். கட்டாயம் வரட்டும்.

அதே ஆண்டு நவம்பரில் நார்த்தாமலை அருகே ஒரு சிறிய பயிற்சி விமானம் கோளாறாகி, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். கீழே சாலை இருந்தது. எங்களுக்கு வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். அதே 2025 ஜனவரியில் குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் ஓடுதளத்தில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். சுழலியைக் கட்டுப்படுத்தும் தட்டு உடைந்திருந்தது. இரண்டுக்கும் உப்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு பாகம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படிக் கைவிட வைப்பதில் எங்கள் காற்றை மிஞ்ச ஆள் இல்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் தென்கடல் உப்பு, வாடை அடித்தால் வடகடல் உப்பு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை விடாமல் பராமரித்தும் துரு தின்றது. கடைசியில் பக்கத்திலேயே புதுப் பாலம் கட்ட வேண்டியதாயிற்று. அது முடிவதற்குள்ளேயே, 2022 டிசம்பரில், பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள்.

என் பட்டறையில் தினமும் பார்ப்பது இது. அலுமினிய உறையில் இரும்பு போல்ட். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் வெள்ளைப் பொடி கொட்டும், உள்ளே மரை முழுக்கப் போயிருக்கும். சிறு விமானத்தின் உடம்பும் பெரும்பாலும் அலுமினியம், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இரும்பு. சக்கரத்தைத் தாங்கும் காலில் மயிரிழை விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஊற்றித் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். இறங்கும் நொடியில் மொத்த எடையும் அந்தக் காலில்தான் விழுகிறது. மூக்குச் சக்கரம் மடங்கினால் விசிறி தரையில் இடிக்கும். அப்புறம் இன்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டும். அதுவும் விமானம் ஓடுதளத்திலேயே நின்றால்தான்.

நாங்கள் கரைக்கு வந்ததும் படகின் பின்புறம் மாட்டும் வெளி இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டு உப்பை எடுக்கிறோம். கடல்மேல் தாழப் பறந்த விமானத்தையும் அப்படிக் கழுவத்தான் வேண்டும். ஆனால் இது ராமநாதபுரம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் பெண்கள் குடத்தோடு அலைகிற ஊர். அந்தத் தண்ணீரில் கை வைக்காமல், விமானம் கழுவுவதற்கென்றே கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டைத் திட்ட அறிக்கையிலேயே எழுதுங்கள். கதவு மூடும் கொட்டகை வேண்டும். விரிசல் பார்க்கத் தெரிந்த டெக்னீஷியன் இங்கேயே தங்கியிருக்க வேண்டும். மதுரையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க முடியாது. கடலுக்குத் தள்ளி இருக்கும் விமான நிலையத்துக்குப் போட்ட சோதனை அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள், இடைவெளியைக் குறையுங்கள்.

உச்சிப்புளியில் 2009-இலிருந்து கடற்படையின் பருந்து விமானத் தளம் இயங்குகிறது. இந்தக் காற்றில் விமானங்களை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று டெண்டர் விடும் முன் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் பட்டறைகளுக்கும் வாருங்கள், கழற்றிப் போட்ட பாகங்களை எடுத்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
மண்டபம் பகுதி இன்ஜின் மெக்கானிக் ஒருவன்